சந்தனப் பொட்டு வைத்த பேட்டரி

எங்கள் வீட்டில் டவர் கிடைக்காது. மோகனூர் தாண்டி, வாய்க்கால் ரோட்டிலிருந்து இறங்கி, கரும்புக்காட்டுக்குள் போகிற வண்டித்தடம் முடிகிற இடத்தில் வீடு. கரும்பு முழங்கால் உயரம் இருக்கும்வரை மாடிப்படியில் நின்றால் போனில் ஒரு கோடு தெரியும். ஆள் உயரம் தாண்டிவிட்டால் அதுவும் போய்விடும். கரும்புக்கும் டவருக்கும் சம்பந்தமே இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்கட்டும்.

என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத ஊர் இந்தியாவில் இல்லை என்பார்கள். அவர் போகாத ஊர் மிச்சம் இருப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் மட்டும் வண்டியை நிறுத்துவார்கள், வீட்டுக்கு வருவார். ஆயுத பூஜை முடிந்து ஈரம் காய்ந்ததும் கிளம்பிவிடுவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரோடு நான் வாழ்ந்ததெல்லாம் மழைக்காலம்தான். வெயிலில் அவர் முகம் எப்படி இருக்கும் என்பதை போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசி முடித்துவிட்டோம். வீட்டில் நானும் மாமியாரும் ஓர் எருமையும்.

அந்த வைஃபை டப்பாவை அவர்தான் வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு டப்பா. உள்ளே ஒரு சிம் போட்டால் டவரைப் பிடித்து வீட்டுக்கு வைஃபையாகக் கொடுக்கும். ஆனால் பிடிப்பதற்கு முதலில் டவர் இருக்க வேண்டுமே. வீட்டுக்குள் எங்கே வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. அவர் டப்பாவைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு இடமாக ஏறிப் பார்த்தார். கடைசியில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே, கையை முழுசாக நீட்டிய உயரத்தில் பச்சை எரிந்தது. அன்றைக்குச் சாயங்காலமே தொட்டியோடு ஓர் இரும்புப் பைப்பை நட்டு, உச்சியில் கப்பி மாட்டி, நைலான் கயிறு கோத்துவிட்டார். பூமிக்குள் ஆயிரம் அடிக்குப் பைப்பு இறக்குகிறவருக்கு ஆகாயத்தில் பத்தடி ஏற்றுவது ஒரு வேலையா? டப்பாவைச் சின்ன வெங்காயம் வருகிற சிவப்பு வலைப்பையில் போட்டு, கயிற்றில் கட்டி, கொடி ஏற்றுகிற மாதிரி ஏற்றிக் காட்டினார்.

அங்கே மேலே கரண்டு இல்லை. பேட்டரிதான் எல்லாம். இரவெல்லாம் சமையலறையில் சார்ஜ் போட்டு, காலையில் பால் கறந்ததும் மேலே ஏற்றுவேன். அவர் காலையில்தான் கூப்பிடுவார். கம்ப்ரசரைப் போட்டுவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. பேசி முடித்துவிட்டுக் கீழே இறக்க வேண்டும் என்பது அவர் சொல்லிவிட்டுப் போன விதி. நான் இறக்குவதில்லை. மறுபடி கூப்பிட்டால்? அந்த ஒரு நப்பாசையில் சாயங்காலம்வரை வெயிலில் தொங்கவிட்டிருப்பேன். இறக்கும்போது டப்பா இட்லித் தட்டாகச் சுடும்.

கூப்பிட்டாலும் முதலில் எனக்குக் கிடைக்காது. மாமியார் போனை வாங்கிக்கொள்வார். எருமை எத்தனை படி கறந்தது, வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டது, தன் முழங்கால் வலி, என் வாய்த் துடுக்கு, இதெல்லாம் ஒன்றுவிடாமல் மகனுக்குப் போய்ச் சேர வேண்டும். "சரி சாமி, உன்ற பொண்டாட்டி நிக்கறா, பேசு" என்று போன் என் கைக்கு வரும்போது பேட்டரி சிவப்பில் நிற்கும். புதிதாக வாங்கியபோது இந்தத் தொல்லை இல்லை. வருஷம் ஆக ஆகப் பேட்டரி சீக்கிரம் இறங்க ஆரம்பித்தது. மாமியாரின் பேச்சு இறங்கவில்லை.

எனக்கு மிஞ்சிய அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன பேச முடியும்? "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "காது வலி எப்படி இருக்குதுங்க?" "கேக்குல, சத்தமாச் சொல்லு." கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று அவர் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. நான் கத்துவேன், அவரும் கத்துவார். ஆசையாக ஒரு வார்த்தையைக் கத்திச் சொல்ல எனக்கு வராது, அதுவும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. சொல்லாமலே கட்டாகிவிடும். பிறகு நாளெல்லாம் எருமையிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் கரும்பு நன்றாக வளர்ந்திருந்தது. டப்பாவின் பின்மூடி ஒரு பக்கம் எழும்பிக்கொண்டு நின்றது. வெயிலில் பிளாஸ்டிக் வளைந்துவிட்டது என்று நினைத்து ரப்பர் பேண்டு போட்டேன். மூடி இன்னும் எழும்பியது. இன்னொரு ரப்பர் பேண்டு போட்டேன். உள்ளே பேட்டரி பூரியாக உப்பிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் கூப்பிட்டார். சத்தீஸ்கர் காட்டில் எங்கோ இருந்தார். வழக்கம்போல மாமியார் பேசித் தீர்த்துவிட்டு போனைக் கொடுத்தார். திரையில் என் வீட்டுக்காரர் முகம் ஒரு மாதிரி இருந்தது. கத்தவில்லை. கத்தாமல் பேசினாலே எனக்குப் பயம்.

"அம்மிணி, கேக்குதா? ஓனரு ஆப்பிரிக்காவுக்கு வண்டி அனுப்பறாராமா. என்னையக் கூப்புடறாரு. ரெண்டு வருசம், நடுவுல வர முடியாது. வெள்ளிக்கெழமைக்குள்ள முடிவு சொல்லோணுமாமா. நீதான் சொல்லோணும். நான் அங்க போகட்டுமா, இல்ல..."

அத்தோடு முகம் அசையாமல் நின்றது. வாய் திறந்தபடி நின்றது. பிறகு படம் போய், போனில் வெறும் வட்டம் சுற்றியது.

நான் மாடிக்கு ஓடினேன். கயிற்றை அவிழ்த்து இறக்கினேன். டப்பாவில் விளக்கே இல்லை. ரப்பர் பேண்டு இரண்டும் அறுந்து, மூடி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜரில் மாட்டினேன். ஒன்றும் வரவில்லை. கரண்டில் மாட்டினால் ஓடாதா என்று கேட்பீர்கள். ஓடவில்லை. பேட்டரி செத்தால் அந்த டப்பாவும் சாகும், அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

"வேண்டாங்க" என்று என் வாய்வரை வந்த சொல் அப்படியே நின்றுவிட்டது. போகட்டுமா, இல்லை, வேண்டாமா? இதைக் கேட்க வேண்டுமா இந்த மனுஷன்? வருஷத்தில் ஒரு மழைக்காலம் கிடைத்துக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றால் நான் என்ன, போய் வாருங்கள் என்று ஆரத்தி எடுப்பேனா?

என் போனில் ஒரு சிம் உண்டு. டப்பாவுக்கு ரீசார்ஜ் செய்யும்போது இதற்கு எதற்கு என்று விட்டிருந்தேன். மோகனூர் போய் அதற்கு உயிர் கொடுத்தேன். வாய்க்கால் ரோட்டில் டவர் உண்டு. புதனும் வியாழனும் அந்த ரோட்டில் புளியமரத்தடியில் நின்று அவர் நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் இந்தியில் ஏதோ சொன்னாள். ஒரு சொல் புரியவில்லை, ஆனாலும் அவள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. காட்டுக்குள் அவருக்கு எப்போதாவதுதான் டவர் கிடைக்கும். அவர்தான் கூப்பிட வேண்டும், நான் எடுக்க வேண்டும். அதற்கு மாட்டுக் கொட்டாயை விட்டுவிட்டு ரோட்டிலேயே குடியிருக்க முடியுமா? டப்பா பிழைத்தால்தான் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை டப்பாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மாமியார் வாசலில் நின்றார்.

"போன எங்க எடுத்துக்கிட்டுப் போற? அவன் கூப்ட்டா நானு பேசோணும். இங்கயே வெச்சுட்டுப் போ. நான் ரோட்டு மேல போயி உக்காந்துக்கறேன்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இத்தனை வருஷமும் அவர் கூப்பிட்டது வீட்டுக்கு. வீட்டுப் போன் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் புத்தி போயிற்று. சேலத்தில் டவர் கொட்டிக் கிடக்கும், போன் என் கையில் இருந்தால் எங்கே நின்றும் பேசலாம் என்பது தோன்றவே இல்லை. எங்களைப் போல ஒரே இடத்தில் நின்று பேசிப் பழகியவர்களுக்கு அது தோன்றாது. போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

நாமக்கல்லில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எத்தனை செல்போன் கடை உண்டோ எல்லாவற்றிலும் டப்பாவைக் காட்டினேன். எல்லாரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள். "இது பழைய மாடலுங்க. புதுசு எடுத்துக்கங்க." புதுசு ஒன்றைக் காட்டினார்கள். அது எப்போதும் பிளக்கில் மாட்டியபடியே இருக்க வேண்டுமாம். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பிளக்குக்கு நான் எங்கே போவேன்? இன்னொன்றில் பேட்டரி இருந்தது, ஆனால் ஆர்டர் போட்டு வர நாளாகுமாம். எனக்கு இன்றே வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த அம்மா இன்டர்நெட்டில் அப்படி என்ன பார்க்கிறது என்ற கேள்வி இருந்தது.

சேலத்தில் கிடைக்கலாம் என்றார் ஒருவர். சேலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ராசிபுரம் வரும்வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வேண்டாங்க மாமா, போகாதீங்க. இது கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது. நீங்க போனா நான் இங்க இருக்க மாட்டேன். இது மிரட்டுகிற மாதிரி. எனக்கு நீங்க வேணும். இதைச் சொன்னதே கிடையாது, சொன்னால் எனக்கு என்ன ஆயிற்று என்று பயந்துவிடுவார். கடைசியில் வெறும் வேண்டாம் போதும் என்று முடிவு செய்தேன். ஒரே சொல். பேட்டரி எவ்வளவு சிவப்பில் இருந்தாலும் ஒரு சொல் போய்விடும். ராசிபுரத்தில் பட்டுப்புடவைக் கட்டைப் பையோடு ஒரு ஜோடி ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தது. அந்தப் பெண் அவன் தோளில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெரிய கடை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. டை கட்டியவர் டப்பாவைத் தொடாமலே எட்டிப் பார்த்து, பேட்டரி உப்பியிருக்கிறது, இதை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தீர்களா என்று கேட்டார். இந்த மாடல் நின்றுவிட்டதாம். வெளியே வந்து வெயிலில் நின்றேன். பக்கத்துச் சந்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை இருந்தது, பேட்டரி மாற்றித் தரப்படும் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

கடையில் இருந்தவர் என் வயதுப் பெண். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. தலைக்கு மேலே மாதா படம், அதைச் சுற்றி சீரியல் பல்பு. டப்பாவைப் பார்த்ததும் ஒரு மர டிராயரை இழுத்துக் குடைந்தார். குடைந்துகொண்டே இருந்தார். பிறகு பிளாஸ்டிக் கவரில் ஒரு பேட்டரியை எடுத்து, என் டப்பாவின் ஓரத்தில் எழுதியிருந்த நம்பரோடு வைத்துப் பார்த்தார்.

"இருக்குமா. கடைசிப் பீஸ்."

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு பிளாஸ்டிக் தகட்டை விட்டு உப்பிய பேட்டரியை அவர் மெல்ல நெம்பினார். அது மேல்தோல் விறைத்து, ஓரங்கள் மடங்கி, ஒரு சின்னத் தலையணையாக வெளியே வந்து மேஜையில் குப்புற விழுந்தது. புதியதை வைத்து, மூடியை மூடி, நெற்றியிலிருந்து மார்புக்குச் சிலுவை போட்டுக்கொண்டு பட்டனை அமுக்கினார்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி எடுத்து, துணியால் துடைத்து, மறுபடி போட்டார். சிலுவையும் மறுபடி போட்டார். டப்பா அப்படியே கிடந்தது. சார்ஜரில் மாட்டியதும் ஒரு மஞ்சள் விளக்கு பட்பட்டென்று அடித்துவிட்டு அணைந்தது. "பேட்டரியை எடுக்க மாட்டேங்குதே" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. எனக்குப் பொறுமை எங்கே இருக்கும்? "எத்தன வருசமா டிராயர்ல கெடந்ததோ. டூப்ளிகேட்டத் தூக்கி என்ற தலையில கட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"டூப்ளிகேட் விக்கிறவளா இருந்தா நான் ஏம்மா மாடிப்படிக்குக் கீழே உக்காந்திருக்கேன்? மெயின் ரோட்டுல கண்ணாடிக் கதவு போட்டுல்ல உக்காந்திருப்பேன்?" அவருக்கும் முகம் சிவந்துவிட்டது. பேட்டரியை மீட்டரில் வைத்து முள்ளைக் காட்டினார். "பாருங்க, நல்லாத்தான் இருக்கு. உங்க செட்டுதான் போச்சு. போர்டு அடிவாங்கியிருக்கும்."

போர்டு போயிற்று என்றால் எல்லாம் போயிற்று. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என்ன வேலையாக வந்தேன், யார் கூப்பிட வேண்டும், எதற்கு இன்றே வேண்டும் என்பதையெல்லாம் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் கொட்டினேன். அவர் கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவை விளக்குக்கு அடியில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா? பின்னுக்குள்ள எல்லாம் மஞ்சளா ஏதோ அடைச்சிருக்கு, காரை மாதிரி."

குனிந்து பார்த்தேன். பேட்டரி தொடுகிற இடத்தில், பல் மாதிரி நிற்கிற சின்னப் பித்தளை ஊசிகளுக்கு நடுவில் காய்ந்த பொடி. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. மேஜையில் கிடந்த பழைய பேட்டரியைத் திருப்பினேன். அதன் முதுகில் தடிமனாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பேட்டரி உப்பியதில் பொட்டு நடுவாக விரிசல் விட்டு, ஓரம் உடைந்து கொட்டியிருந்தது.

ஆயுத பூஜையன்று வைத்தது. மோட்டார், கிரைண்டர், மிக்ஸி, மொபெட், மண்வெட்டி எல்லாவற்றுக்கும் நான் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். டப்பாவுக்கும் மேலே ஒரு பொட்டு வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பானட்டுக்கு வெச்சுட்டு என்ஜினுக்கு வெக்காம உட்டா எப்புடி அம்மிணி? ரிக்குல நாங்க மூடியத் தெறந்து உள்ளதான் வெப்போம்" என்று பின்மூடியைக் கழற்றினார். சந்தனக் கிண்ணத்தில் பெருவிரலை அழுத்தித் தோய்த்தார். ரிக் என்ஜின் சூட்டில் மெல்லிய பொட்டு உதிர்ந்துவிடும் என்று அவர்கள் சந்தனத்தைக் கெட்டியாக அப்புகிற பழக்கம். அதே கையால் தீப்பெட்டி அளவுப் பேட்டரிக்கும் அப்பிவிட்டார். ஈரச் சந்தனம் ஓரமாக வழிந்து உள்ளே இறங்கியது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. "இனி கட் ஆவாது பாரு" என்று சொல்லிவிட்டு மூடினார். ஈரம் காய்ந்ததும் சத்தீஸ்கர் கிளம்பிவிட்டார்.

"யாரும்மா பேட்டரிக்கெல்லாம் சந்தனம் வெச்சது?"

"என்ற ஊட்டுக்காரருங்க."

"எங்க ஃபாதர்கூட வண்டிக்கு மேலதான் தீர்த்தம் தெளிப்பார். இன்ஜினைத் திறக்கச் சொல்ல மாட்டார்" என்றார் அந்தப் பெண். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது.

பழைய பல்தேய்க்கிற பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து ஊசிகளுக்கு நடுவில் தேய்த்தார். சந்தனம் பொடிப்பொடியாகப் பெயர்ந்து மேஜை மேல் விழுந்தது. ஸ்பிரிட் வாசனைக்கு நடுவில் ஒரு நொடி சந்தனம் மணத்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவர் உஃப் என்று ஊதிவிட்டார். அது அவருக்கு அழுக்கு. ஊதத்தான் செய்வார்.

புதிய பேட்டரியைப் போட்டு, சிலுவை போட்டு, பட்டனை அமுக்கினார். பச்சை எரிந்தது. பேட்டரிக் கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன.

பழைய பேட்டரியை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். உடைந்தது போக மிச்சமிருந்த பொட்டில் என் வீட்டுக்காரரின் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. பல மாதமாகத் தொடாத கை. அந்தப் பெண் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"உப்பின பேட்டரிம்மா. வழியில அமுங்கினா தீப்பிடிக்கும். பஸ்ல சுமந்துட்டு வந்ததே பெரிசு. வீட்டுக்காரர் திரும்பி வருவார்ல, வேணுங்கிற அளவு பொட்டு வெச்சுக்கச் சொல்லுங்க." அதை எடுத்து மணல் நிரப்பிய வாளிக்குள் புதைத்தார். அங்கே இன்னும் எத்தனையோ பேருடைய உப்பிய பேட்டரிகள் புதைந்திருந்தன.

சாயங்காலம் வண்டித்தடத்தில் இறங்கி நடக்கும்போதே மாமியார் எதிரே வந்தார். போனை முந்தானையில் முடிந்திருந்தார். முகம் சரியில்லை.

"அடிச்சுது அம்மிணி. ரோட்டு மேலதான் உக்காந்திருந்தேன். ரெண்டு தடவ அடிச்சுது. எப்புடி எடுக்கறதுன்னு தெரியில. தடவித் தடவிப் பாத்தேன், நின்னு போச்சு."

இத்தனை வருஷம் பேட்டரியைப் பேசியே தீர்த்த மனுஷி. ஆனால் பேசத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கையில் கொடுத்தது நான். ரோட்டில் போகிற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று கத்த வாயைத் திறந்தேன். மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போனை நீட்டினார். எனக்குக் கத்த வரவில்லை. போனை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கே திரும்பிப் போய் என் வீட்டுக்காரர் நம்பரைப் போட்டேன். அந்த இந்திக்காரிதான் வந்தாள்.

மறுநாள் பால்கூடக் கறக்காமல் டப்பாவை மேலே ஏற்றினேன். எருமை கத்தியது. கத்தட்டும் என்று மாடிப்படியிலேயே போனோடு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டார். மாமியார் கீழே நின்று கையை நீட்டினார். முதல்முறையாக நான் கொடுக்கவில்லை.

"மாமா, வேண்டாங்க. போகாதீங்க" என்றேன். முகம் தெரிவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

பிறகுதான் அவர் முகம் வந்தது. கேட்கவில்லையோ என்று மறுபடி கத்தினேன். "கேட்டுச்சு" என்றார். "நேத்தே சொல்லிட்டேன் அம்மிணி. போறேன்னு சொல்லிட்டேன். பேரு எழுதிட்டாங்க. பாஸ்போர்ட்டும் ஓனருகிட்டயே இருக்குது."

"என்னைய ஒரு வார்த்த கேக்காமயா?"

"கேட்டனே. நீதான் பதில் சொல்லுல. அப்பறம் எத்தன தடவ போட்டும் போவுல. நேத்து டவுனுக்கு வந்து உன்ற நம்பருக்கே போட்டேன். அடிச்சுது, எடுக்குல. ஓனரு பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தாரு. சரி, நான் வாரதுல உனக்கு இஷ்டமில்ல போலன்னு நெனச்சுட்டேன்."

"எங்க வாரதுல?"

"ஊட்டுக்குத்தான். அன்னிக்கு அதத்தான கேட்டேன்? அங்க போகட்டுமா, இல்ல ரிக்க உட்டுட்டு ஊட்டுக்கே வந்துரட்டுமான்னு. காதும் போவுது. வந்து கரும்பப் பாத்துக்கிட்டு உன்ற கூடவே இருந்துக்கலாம்னு..."

அவர் பேசிக்கொண்டே போனார். படம் பளிச்சென்று இருந்தது. காட்டு வெயிலில் அவர் தலையில் நரை தெரிந்தது, காதில் வைத்திருந்த பஞ்சு தெரிந்தது. ஒரு சொல் உடையவில்லை. பேட்டரி அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டு நாள் ரோட்டில் நின்று, மூன்று ஊர் பஸ்ஸில் போய், நான் தூக்கிக்கொண்டு அலைந்த பதில் அவர் கேட்காத கேள்விக்கு. அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருபது வருஷமாகப் பதில் இருந்தது. நான் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மாமியார் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே போய் எருமையைக் கறந்தார்.

போவதற்கு முன்னால் ஊருக்கு வந்தார். மழைக்காலம் இல்லாமல், நல்ல வெயிலில் வந்தார். வீட்டு வாசலில் வெயிலோடு அவரைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. கிளம்புகிற அன்று சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு டப்பாவின் மூடியைக் கழற்றினார். நான் கையிலேயே ஓர் அடி வைத்தேன். சேலத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் புதிய பேட்டரியைப் பார்த்தார். பிறகு என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் எடுத்தார். மூடியின் உள்பக்கம், எந்த ஊசியும் தொடாத இடத்தில் ஒட்டி அழுத்தினார். "இது வழியாது" என்றார். அப்படியே பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் கரும்புக்குள் மறைகிறவரை நான் நெற்றி காலியாக நின்றுகொண்டிருந்தேன்.

இப்போதும் தினமும் காலையில் டப்பாவை ஏற்றுகிறேன். பேசி முடித்ததும் இறக்கிவிடுகிறேன், வெயிலில் விடுவதில்லை. அங்கே அவருக்கு விடிகிறபோது இங்கே வெயில் ஏறியிருக்கும். போன் அடித்தால் மாமியார் கை நீட்டுவதில்லை. "எத்தன கோடு இருக்குது?" என்று மட்டும் கேட்பார். "நெறைய இருக்குதுங்க" என்றால், "நீ பேசு மொதல்ல. எருமையப் பத்தி அப்பறமாச் சொல்லிக்கலாம்" என்று கொட்டாய்ப் பக்கம் போய்விடுவார்.

அவரும் எடுத்ததும் அதைத்தான் கேட்கிறார். "சார்ஜ் இருக்குதா அம்மிணி?" இருக்கிறது என்கிறேன். சாப்பாடு, காது, அங்கத்துச் செம்மண், எல்லாம் பேசியும் நேரம் மீதி இருக்கிறது. பேச ஒன்றும் இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிற அளவுக்கு மீதி இருக்கிறது. வைப்பதற்கு முன்னால் தினமும் அந்தக் கேள்வியை எடுக்கிறார். "இது முடிஞ்சதும் ரிக்க உட்டுட்டு..." என்று ஆரம்பிப்பார். நான் முடிக்க விடுவதில்லை.

"வந்துருங்க" என்றுவிடுவேன்.